காற்றறையில் ஒரு பாட்டு

நிலாக் குடியிருப்பில் வேண்டாத நினைவை எடுத்துவிடுவது முடி வெட்டிக்கொள்வது போலத்தான். பயப்படாதீர்கள், வலிக்காது. நினைவுருவி என்ற தொப்பியைத் தலையில் கவிழ்ப்பார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். தேர்வில் தோற்றதோ, மாமியாரோடு போட்ட சண்டையோ கழன்று வந்துவிடும். வீட்டுக்குப் போய் அதே மாமியாருக்குக் காபி கலந்து கொடுப்பார்கள்.

அந்த ஜூன் மாதம் தொழிற்கல்லூரி மீட்புக் குழுவின் மூத்த மாணவர்கள் நாற்பத்திரண்டு பேரும் கல்லூரியில் அந்தத் தொப்பியை இயக்கும் சௌந்தரவல்லியின் முன்னால் வரிசையில் நின்றார்கள். சுரங்கத்தில் விபத்து என்றால் முதலில் ஓடுகிற பிள்ளைகள் இவர்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் குழுவில் புதிதாகச் சேர்பவர்களைக் காற்றறையில் நிறுத்துவார்கள். வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன அறையில் பாதிக் காற்றை உறிஞ்சிவிட்டு, கல்லூரிப் பாட்டை முழுக்கப் பாடச் சொல்வார்கள். போன வருடம் ஒரு பையனுக்கு இரண்டு செவிப்பறையும் கிழிந்துவிட்டன. எச்சரித்தாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று, கேமராவும் வைத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "நாங்க படலையா?"

சரி, பட்டது, படுத்தியது என்று அந்த நினைவையே மொத்தமாக எடுத்துவிட்டால்?

சௌந்தரவல்லி ஒவ்வொரு தலைக்கும் தொப்பியை இரண்டு முறை சரிபார்த்தாள். அவள் மகள் அமுதினி இந்த வருடம்தான் குழுவில் சேருகிறாள்.

"அக்கா, அப்படியே என் பழைய லவ்வையும் உருவிடுங்க" என்றான் குழுத் தலைவன் ஜெபராஜ்.

"அது தலையில இல்லடா, தாடியில இருக்கு. சலூனுக்குப் போ."

தொப்பியைக் கழற்றியதும் கேட்டாள்: "நீ சேர்ந்தப்ப உன்னை என்ன பண்ணாங்க?"

அவன் யோசித்தான். "ஒண்ணும் பண்ணலையே?"

மத்தியானம் அவனைப் பிடித்து மறுபடி கேட்டாள். மறுநாள் காலையிலும் கேட்டாள். "உங்களுக்குத்தான் மறதி வந்துருச்சுக்கா" என்று சிரித்தான். நாற்பத்திரண்டு பேரையும் இப்படியே துளைத்தாள். எங்கும் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. இருந்தும் விழா நாள்வரை அவள் கேட்பதை நிறுத்தவில்லை.

வரவேற்பு விழா அன்று பாசி வடையும் தேநீரும். புதியவர்கள் ஒரு சுவரோரம், மூத்தவர்கள் எதிர்ச்சுவரோரம். நடுவில் யாருமில்லை. அமுதினி ஒரே வடையைப் பத்து நிமிடமாகக் கையில் வைத்திருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஜெபராஜ் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, இவங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. நீங்களும் இந்தக் குழுதானே? உங்க காலத்துல எப்படி ஒட்டிக்கிட்டீங்க?"

எத்தனையோ நாள் இறுக்கம் அவளுக்கு அப்போதுதான் தளர்ந்தது. அடிக்க வராதவன், பழக வழி கேட்கிறானே!

"அதை ஏன் கேக்கற! என்னைக் காற்றறையில நிறுத்தி, பாதிக் காத்தை உறிஞ்சிட்டு, கல்லூரிப் பாட்டை முழுசாப் பாடச் சொன்னாங்க. தப்புதான், இல்லேங்கல. ஆனா..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் குரல் வாத்து கத்தற மாதிரி இருந்துச்சாம். வெளியே வந்து அழுதேன் பாரு, எல்லாரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. இருபது வருஷமாச்சு, இன்னிக்கும் அவங்கதான் எனக்கு உசிரு."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கழுவி முடிக்கவில்லை, ஒலிபெருக்கி அலறியது: மூன்றாம் காற்றறையில் ஆள்.

நிலவில் ஓட முடியாது. அவசரப்பட்டுக் காலை உந்தினால் கூரையில் தலை இடிக்கும். இடித்தது. சுவரைப் பிடித்து, தள்ளி, மறுபடி இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அமுதினியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சௌந்தரவல்லி அபாய நெம்புகோலை இழுத்தாள். காற்று சீறி உள்ளே பாய்ந்தது.

மகளின் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. காது கேட்காததால் அவள் கத்தினாள்: "என்னம்மா நீ! இன்னும் ரெண்டே வரிதான் இருந்துச்சு! அதுக்குள்ள திறந்துட்டியே, இனி என்னை யாரு சேர்த்துப்பாங்க?"

சௌந்தரவல்லி அந்தக் காதைப் பொத்திப் பிடித்தபடி ஜெபராஜைப் பார்த்தாள். அவன் ரத்தம் துடைக்கத் தன் கைக்குட்டையை நீட்டினான். அவன் நடிக்கவில்லை.

"அக்கா, சத்தியமா ஆபத்துன்னு தெரியாது. நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களே..."

தொப்பியின் கீழ் எல்லோரையும் உட்கார வைத்தவள், தான் உட்காரவில்லை. உட்கார வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. காற்றறையில் பாடிவிட்டு வந்து அழுத நாள்தான் அது; எப்போது அது நல்ல நாளாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குள் கல்லூரி முதல்வர் காசிலிங்கம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். காதைப் பார்த்தார், வைத்தியரை அழைக்கச் சொன்னார். அழுதுகொண்டிருந்த தாயைத் தேற்ற வேண்டுமே என்று தோளில் தட்டினார்.

"மனசை விட்டுடாதீங்கம்மா. ஒரு காதுதானே, தைச்சுடலாம். இதெல்லாம் என்ன! நான் சேர்ந்தப்ப என்னை என்ன பண்ணாங்க தெரியுமா?" என்று சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது.

நாற்பத்திரண்டு பேரும் ஆவலோடு அவர் பக்கம் திரும்பினார்கள்.

சௌந்தரவல்லி மகளின் காதிலிருந்த கையை எடுத்து, முதல்வரின் வாயைப் பொத்தினாள்.