பிஷப்பின் வாசல்

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிற்கும் மரத்தூணை மெரில் நேற்றுதான் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். இன்று அதே தூண், இடுப்பு உயரத்தில், எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். ஆட்டு ரோமத்தின் பிசுக்கு. மரம் லேசாகச் சூடாகவும் இருந்தது, இப்போதுதான் ஏதோ ஒன்று உரசிக்கொண்டு போனதுபோல. வெயிலுக்குப் பழைய மரம் பிசுக்கைக் கக்குகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ரிவரினா சமவெளியில், காய்ந்த புல்லைத் தவிர கண்ணுக்கு வேறெதுவும் எட்டாத இடத்தில் நின்ற, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பழைய கொட்டகை அது. பட்டணத்துக் காசுக்காரர்கள் அதைக் கழுவித் துடைத்து, கண்ணாடி ஜன்னல் வைத்து, ‘படைப்பாளர் இல்லம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஆடுகள் அடைந்து கிடந்த பட்டி கூடமாயிற்று. ரோமம் கத்தரித்த மேடை ஓவிய அறையாயிற்று. இரண்டுக்கும் நடுவே, இருபக்கமும் ஆடும் ஊசல் கதவை மட்டும் அழகுக்காக விட்டுவைத்தார்கள். அந்தக் காலத்தில் அதைத் தள்ளிக்கொண்டு வந்துதான் ஆள் ஆட்டைப் பிடித்து இழுத்துப் போவான். பசி தெரியாதவர்களுக்கு எல்லாமே அழகுதான்.

இங்கே தங்குவதற்கு விண்ணப்பம் எதுவும் கிடையாது. இருப்பவர் போகும்போது தனக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மெரிலை அழைத்தவள் பெட்ரா. மெரிலின் யோசனையைத் திருடிக் கண்காட்சி வைத்துப் பேர் வாங்கிய பெட்ரா. அதற்குப் பிறகு முகம் கொடுத்தே பேசாதவள் கூப்பிட்டதும், மனசு உறுத்தி மன்னிப்புக் கேட்கிறாள் என்று மெரில் நம்பி வந்தாள். அதற்குக் கொஞ்சம் அசட்டுத்தனம் வேண்டும். நாற்பது தாண்டியும் ஒரு படம் விற்காதவளிடம் அது நிறையவே இருந்தது.

வந்த சில நாட்களிலேயே அவள் ஓவிய அறைக்குள் போவதை நிறுத்திவிட்டாள். புழுக்கை கீழே விழுவதற்காக இடைவெளி விட்டு அடித்த கூடத்துப் பலகைத் தரையில், வெயில் சாய்ந்து கொட்டகையின் கூரைத் தகரங்கள் ஒவ்வொன்றாக முறுகி அடங்கும் அந்த நேரத்தில், பலகைகளின் இடுக்கு வழியாக ஈர ரோம வாடை எழும்பி வரும்; அதன் பின்னாலேயே நெருக்கியடித்து நிற்கும் உடம்புகளின் மூச்சும், கட்டாந்தரையில் குளம்பு மாற்றி வைக்கும் சத்தமும் வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் கீழே வெறும் மண். பிறகு ஊசல் கதவு ஆடும். முதலில் விரல்கடை அளவு. அப்புறம் கையளவு. நேற்று ஒரு ஆள் நுழையும் அளவு.

ஓடிப்போயிருக்க மாட்டாளா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பலமுறை வாசலுக்கு வந்தாள். கொட்டகையிலிருந்து தரைக்கு இறங்கும் சாய்பலகையில் கால் வைத்ததும் முழங்கால் பூட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கூடத்தின் மூலையில், மூக்கு சுவரில் பட நின்றுகொண்டிருப்பாள். எப்படி வந்தோம் என்றே தெரியாது.

பக்கத்துப் பண்ணைக்கார டார்சி முட்டை கொண்டுவந்தார். சாய்பலகையின் அடியிலேயே நின்றார்.

“உள்ள வாங்களேன், டீ போடறேன்.”

“வேணாம்மா. பூட்ஸெல்லாம் சேறு.”

மழை பெய்து மாதக்கணக்காகிறது. மெரில் பேச்சை வளர்த்தாள், ஒரு மனிதக் குரலாவது காதில் விழட்டும் என்று.

“இந்தப் பலகையில ஆடுங்க எப்படி ஏறும்? எனக்கே வழுக்குது.”

“தானா எங்க ஏறும்? உள்ள இருட்டு. நாய விட்டு வெரட்டினாலும் ஏறாது. கொட்டகை எங்ககிட்ட இருந்தப்ப, அதுக்குன்னே எங்கப்பா காயடிச்ச கெடா ஒண்ணு வளர்த்தார். பேரு பிஷப்.” டார்சி தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார். “அது முன்னால ஜம்முனு ஏறும். மந்தை மொத்தமும் பின்னாலயே போகும்.”

“அப்புறம் பிஷப்புக்கும் கத்தரிப்பாங்களா?”

“அதுக்கா? அதுக்குத் தனி வாசல்மா. அந்தக் கோடியில குட்டியா இருக்கு பாருங்க. இப்படி ஏறி அப்படி எறங்கிடும். ரோமத்துக்கு வெலையே இல்லாமப் போயிட்ட ஒரு வருஷம், கத்தரிக்க இல்ல, கழுத்தறுக்கத்தான் ஏத்தினோம். அப்பவும் அதுதான் கூட்டிக்கிட்டுப் போச்சு. போயிட்டு வந்து வெளில நின்னு புல்லு மேஞ்சுது.”

அவர் போன பிறகு மெரில் அந்தக் குட்டிக் கதவின் முன் உட்கார்ந்தாள். தள்ளினாள், உதைத்தாள், கத்தியை விட்டு நெம்பினாள். அசையவில்லை. ஆனால் சாவியைக் கொடுத்த அன்று பெட்ரா இதன் வழியாகத்தான் போனாள். பெரிய வாசல் அங்கே திறந்து கிடக்க, குனிந்து, தவழ்ந்து, பையை இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்று மெரில் அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்தாள்.

ஓவியத் தோழிகளுக்கெல்லாம் போன் செய்தாள். ஆட்டுக் கொட்டகைக்கா, ஆளை விடு என்றார்கள். கூப்பிட்டால் வருகிற ஜீவன் உலகத்தில் ஒன்றுதான் மிச்சம். அவளுடைய அக்கா நோலீன். ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் அடுக்கி, தங்கையின் வாடகையை வருஷக்கணக்காகக் கட்டி வருகிறவள்.

“அக்கா, ஒரு வாரம் இங்க வந்து இரேன்.”

“நானா? நான் என்னத்தடி வரையப்போறேன்? பழத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டத்தான் தெரியும்.” அந்தப் பக்கம் பழப்பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம். “நெஜமாவா கூப்பிடற? நீ என்னைய எங்கயுமே கூப்பிட்டதில்லையே.”

வராதே என்று சொல்லத்தான் மெரில் வாயைத் திறந்தாள். அப்போது ஊசல் கதவு மெல்ல ஒருமுறை ஆடி நின்றது.

“நல்ல காத்துக்கா. உனக்குப் பிடிக்கும்” என்றாள்.

நோலீன் வெயில் சாயும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். நல்ல கவுன் போட்டிருந்தாள். கையில் கேக் டப்பா. சாய்பலகையின் அடியில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்தாள்.

“என்னடி, உள்ள இப்படி இருட்டிக் கெடக்கு?”

மெரில் வாசலில் நின்றாள். ஓடிப்போ என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல். போதும். தொண்டையை எதுவும் அடைக்கவில்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“ஒண்ணுமில்லக்கா. வா.”

“நீ முன்னால போ. நான் பின்னாலயே வரேன்.”

மெரில் திரும்பி நடந்தாள். கூடத்தைக் கடந்தாள். பின்னால் பலகையில் அக்காவின் குதிகால் ஓசை. தரைக்கடியில் மூச்சு. நிறைய மூச்சு. கோடியில் குட்டிக் கதவு திறந்திருந்தது. அந்தி வெளிச்சம் அதில் சதுரமாக விழுந்து கிடந்தது. குனிந்தாள். தவழ்ந்தாள். கையில் புல் பட்டது.

கதவு மூடிக்கொண்டது.

பலகை இடுக்கில் கண் வைத்தாள். கூடத்தின் நடுவில் நோலீன். கேக் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் ஊசல் கதவு. முழுதாகத் திறந்தது. ஒரு கை. முழங்கை வரை பிசுக்கு. அவசரப்படாத கை. அவள் தாடைக்கடியில் நுழைந்தது. தலையைப் பக்கவாட்டில் திருப்பியது. உடம்பு தானாகச் சாய்ந்தது. டப்பா உருண்டது.

நோலீன் கத்தவில்லை. பிடிபட்ட ஆடு கத்தாது. பலகையில் குதிகால்கள் இழுபட்டன. கண்கள் மட்டும் கூடம் முழுக்கத் தேடின. எதையோ. யாரையோ.

கதவு ஆடியது. மறுபடி ஆடியது. நின்றது.

“மெரில்,” என்றது உள்ளேயிருந்து அக்காவின் குரல், மெதுவாக, பதற்றத்தோடு. “நீ வெளிய போயிட்டேல்லடி?”

மெரில் வெளியே புல்லில் நின்றாள். உள்ளே கத்தரி திறந்தது.