விடச் சொல்லாத மூச்சு

நேற்றுப் பெட்டிக்குள் அம்சமாக அடங்கிய நுரையீரல் இன்று அடங்க மாட்டேன் என்றது. ஸ்கேன் படத்தை வைத்து மிருதுவான ரப்பரில் அச்சிட்ட மாடல் அது. மாணவர்கள் தொட்டுப் பார்த்துப் படிப்பதற்கு. ஸ்கேன் எடுப்பதும் அதை மாடலாக்குவதும் அவள் வேலை. மூடியை அழுத்தினாள். மூடி மெல்ல மேலே எழும்பியது.

“சார், நேத்தைவிட இது உப்பியிருக்கு.”

“பெட்டி இளைச்சிருக்கும்மா,” என்று சொல்லிப் பேராசிரியர் தானே சிரித்துக்கொண்டார். “ஆனா எப்பேர்ப்பட்ட ஸ்கேன்! துளிகூட அசங்கல. இப்படித் தம் கட்டுறவன் லட்சத்துல ஒருத்தன். யாரு பெத்த புள்ளையோ!”

அவர் போனார். அது செத்துப்போன தன் புருஷனுடையது என்று அவள் சொல்லவில்லை.

ஓயாத வாய் புருஷனுக்கு. ஸ்கேன் அன்றுகூடத் தங்கை வீட்டார் முன்னால் அவள் மானத்தை வாங்கிவிட்டு, அதையே வழியெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில், “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க” என்றாள். படம் விழுந்ததும் “விடலாம்” என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அப்பாடா, அந்த வாய் ஓய்ந்திருப்பதுதான் எத்தனை சுகம்! கிடக்கட்டும் என்று விட்டாள். நோய்க்குப் பயந்த மனிதர், சொன்னபடியே கிடந்தார். கால் விரல்கள் மடங்கித் துடித்தன. கடைசியில் இருமி இருமி எழுந்து, “விடச் சொல்லவே இல்லையே நீ?” என்றார். சாகும்வரை அதையேதான் கேட்டார்.

மழை இருட்டிய அந்தப் பிற்பகலில், ஏசியின் முனகலுக்கும் புது ரப்பரின் வாடைக்கும் நடுவே, அவர் எப்போதும் மென்றுகொண்டிருந்த கிராம்பின் வாசனை லேசாக வந்து மூக்கில் ஏறியது. மாடலின் மூச்சுக்குழாய்க்குள் ஆவி படிந்திருந்தது. விரலால் தொட்டாள். வெதுவெதுப்பு.

“விடலாம்,” என்றாள். “விட்டுடுங்க. தப்புதான். வேணும்னுதான் செஞ்சேன். போதும், விட்டுடுங்க.”

புஸ்ஸென்று நீளமாக ஒரு காற்று. கிராம்பு நெடி முகத்தில் அடித்தது. நுரையீரல் சுருங்கிச் சுருங்கி, ஈரத்துணி மாதிரி மேஜையில் படுத்தது.

“இப்ப நீ பிடி.”

குழாயிலிருந்துதான். அவர் குரல். அதே சிரிப்பு.

அவள் நெஞ்சு தானாக விரிந்தது. காற்று உள்ளே போனது. நின்றது.

கதவு திறந்தது. பேராசிரியர்.

“இன்னும் கிளம்பலையா?”

பதில் சொல்ல மூச்சை விட வேண்டும். விட முடியவில்லை. விழி பிதுங்க அவரையே பார்த்தாள்.

“பெட்டி ஜோக்குக்கா இவ்வளவு கோபம்? சரிம்மா, பூட்டிட்டுக் கிளம்புங்க.” பழக்க தோஷத்தில் லைட்டை அணைத்துவிட்டுப் போனார்.

இருட்டு. செருப்புக்குள் அவள் கால் விரல்கள் மடங்கின. ஒரு வார்த்தை. குழாயிலிருந்து அவர் சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

ஓயாத அந்த வாய் ஓய்ந்திருந்தது.