ரிக்ஸ்பி கொட்டகையின் நட்சத்திரம்

வெர்லா ரிக்ஸ்பி அழாமல் வந்து நின்றாள். ஐரா தாக்கருக்கு அதுதான் முதலில் கலக்கமாயிருந்தது. முந்தின நாள் பிற்பகல் தீயில் கணவனைப் பறிகொடுத்தவள், இப்போது சனிக்கிழமைக் காலையில் அவர் சமையலறையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஐரா, ஹோபார்ட்டக் கொன்னுட்டான்னு சொல்லி என் கொழுந்தன உள்ள வச்சிருக்காங்க. டார்சி அதச் செய்யல."

ஐரா மாநிலத் தீயணைப்புத் துறையில் தீக்குக் காரணம் தேடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பேருக்குத்தான். ஓஹையோ ஆற்றுக்கு இந்தப்பக்கம் எங்கே புகை கிளம்பினாலும் ஜனங்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மேசைக்கு எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த லெட்டி ஸ்பர்லாக், ஷெரிஃப் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த காவலர். யாரும் கேட்காமலே இங்கே தொழில் பழக வருகிறவள்.

"டார்சி சொன்னத ஊரே கேட்டுச்சே, மேடம்" என்றாள் லெட்டி. "வெள்ளிக்கிழமை காலைல தீவனக் கடையில நின்னு, 'எங்கம்மா நட்சத்திரம் அங்க அப்படித் தொங்குறதுக்கு நானே கொளுத்திப் போட்டுடுவேன்'னு கத்துனாரு. சாயங்காலம் கொட்டகை சாம்பல். ஓடைக்கு அக்கரை மெர்ல் கின்கேடு வேற, டார்சி அங்கேருந்து ஓடுனதக் கண்ணால பாத்தேங்கறாரு."

"அவன் வாய் அப்படி. கோழிய வெரட்டும்போதுகூட கொன்னுடுவேன்னுதான் சொல்வான். ஒரு கோழி செத்ததில்ல." வெர்லாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "திங்கக்கிழமை அடக்கம். பெட்டியத் தூக்க அவன் வரணும், ஐரா. ஒரு வயித்துல பொறந்தவங்க ரெண்டே பேரு. கூடப்பொறந்தவன் கை படாம அவர நான் எப்படிப் பொதைப்பேன்?"

நட்சத்திரத்தின் கதையை அவளே சொன்னாள். மாமியார் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையின் நடுவில் இருந்த வடிவம் அது. நடுவே மஞ்சள் கட்டம், அதைச் சுற்றி வெளியே பார்த்து நீளும் எட்டுச் சிவப்பு முனைகள். எங்கள் பக்கத்தில் கொட்டகைக்குக் கொட்டகை இப்படி ஒரு போர்வைக் கட்டத்தை வரைந்து மாட்டியிருப்பார்கள். வழி கேட்டால்கூட 'காற்றாடிக் கொட்டகை தாண்டி இடப்பக்கம்' என்றுதான் சொல்வோம். வெர்லா குளிர்காலம் முழுக்க இரண்டு பெரிய பிளைவுட் பலகைகளில் அதை வரைந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டினால் முழு நட்சத்திரம். வியாழக்கிழமை அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணனும் தம்பியும் சேர்ந்து மாட்டினார்கள்.

"நான் திரும்பி வந்தப்போ கொட்டகையே இல்ல. மாட்டின அழக நான் பாக்கவே இல்ல" என்றாள்.

டார்சி சிறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பெரிய உடம்பு, வெயிலில் காய்ந்த கழுத்து.

"வியாழக்கிழமை என்ன சண்டை?" என்று கேட்டார் ஐரா.

"அது எங்களுக்குள்ள."

"வெள்ளிக்கிழமை எங்க இருந்தே?"

"என் வயல்ல. புல் அறுத்துட்டிருந்தேன். சாட்சிக்கு டிராக்டரத்தான் கூப்பிடணும்."

"சண்டை எதுக்குன்னு சொன்னா உனக்கு உதவும், டார்சி."

"எங்கண்ணன் செத்துக் கெடக்காரு. இப்பப் போய் அவர் மேல கொற சொல்லி நான் வெளிய வரணுமாக்கும்? போங்க சார். உங்க வேலையப் பாருங்க."

வெளியே வந்ததும் லெட்டி, "திமிரப் பாத்தீங்களா?" என்றாள். ஐரா வண்டியைக் கிளப்பி ரிக்ஸ்பி கொட்டகைப் பக்கம் திருப்பினார்.

கொட்டகை இருந்த இடத்தில் இன்னும் சூடு இருந்தது. சாலையைப் பார்த்த முன்சுவரின் ஒரு பெரிய துண்டு மட்டும் தீ பிடிக்கும் முன் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, வண்ணம் பூசிய முகம் மண்ணில் படக் குப்புற விழுந்திருந்தது. இருவரும் கடப்பாரை போட்டு அதை நிமிர்த்தினார்கள். வாசல் நிலையின் மேல்கட்டை கீழ்ப்பக்கம் அப்படியே ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, இரண்டு நட்சத்திரப் பலகைகளில் கீழே மாட்டியிருந்தது, ஓரம் கருகி, போல்ட்டுகளோடு சுவரிலேயே இருந்தது. மேலே மாட்டியிருந்த பலகை எரிந்துபோயிருந்தது.

"என்ன தெரியுது, சொல்லு" என்றார் ஐரா.

"கீழ் ஓரத்துல, வாசக்கட்டைக்கு ஒட்டினாப்பல பாதி மஞ்சக் கட்டம். மேல் ஓரத்துல ரெண்டு செவப்பு முனை. பாவம், எவ்வளவு சுத்தமா வரைஞ்சிருக்காங்க!"

"வேற?"

"போல்ட்டு முனையையெல்லாம் உள்பக்கமா அடிச்சுத் தட்டையாக்கி இருக்காங்க. யாரும் நட்டக் கழட்டக்கூடாதுன்னு பிடிவாதமா அடிச்ச மாதிரி."

ஐரா சாம்பலைக் கிளறி ஒரு போல்ட்டை எடுத்தார். அதன் முனை தட்டையாக இல்லை. கத்தியால் வெட்டிய வெண்ணெய் போல நேராக அறுபட்டிருந்தது. "இது மேல மாட்டியிருந்த பலகையோடது. கட்டிங் மெஷின் வச்சு உள்பக்கமிருந்து வெட்டினது. பரண் மேல வைக்கோல் மத்தியில நின்னாத்தான் எட்டும்." அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "ஹோபார்ட்கிட்ட அந்த மெஷின் கிடையாது, எனக்குத் தெரியும்."

கொட்டகையின் பின்வாசல் கல்லில் நீலச்சாம்பல் நிறக் களிமண் அப்பியிருந்தது. அங்கிருந்து ஓடைவரை புல் மிதிபட்டுக் கிடந்தது. பக்கத்தில் கன்றுப் பட்டியின் கதவு திறந்திருந்தது. கன்றுகள் மேய்ச்சல் நிலத்தில் உயிரோடு நின்றன. ஹோபார்ட்டின் உடலை அந்தக் கதவருகில்தான் எடுத்தார்கள்.

ஓடைக்கு அக்கரையில் மெர்ல் கின்கேடின் வீடு. மனிதர் தேவாலயத்தில் பாட்டு தொடங்கி வைப்பவர். யார் வீட்டில் எது உடைந்தாலும் பழுது பார்த்துக் கொடுப்பவர். அன்றைக்கு அவர் முகம் காய்ச்சல்காரன் முகமாயிருந்தது. படிக்கட்டில் அவருடைய பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

"மலைமேட்டு ரோட்டுல வண்டிய ஓட்டிட்டு வந்தேன், ஐரா. மூணு மணி இருக்கும். டார்சி அந்த வாசல்லருந்து வெளிய ஓடி வந்தான். பின்னாடியே பொகை."

"தூரமாச்சே. அது ஹோபார்ட் கொட்டகைதான்னு நிச்சயமா?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? அவன் தலைக்கு மேலயே நட்சத்திரம். நடுவுல மஞ்சக் கட்டம் வெயில்ல பளீர்னு அடிக்குது. எட்டு முனையும் வெளிய விரிஞ்சு நிக்குது. அத எவன் மறப்பான்?"

"சரிதான்" என்றார் ஐரா மென்மையாக. "நீங்க அந்த ரோட்டுல வர்றது அபூர்வமாச்சே?"

"அன்னைக்கி வந்தேன்."

திரும்பும் வழியில் லெட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சார், பூட்ஸப் பாத்தீங்களா? ஓடைக் களிமண். மழை பேஞ்சு எத்தனையோ வாரமாச்சு, ரோடெல்லாம் புழுதி. ஆனா ஓடை அவர் வீட்டு வாசல்லதானே இருக்கு. அத வச்சு என்ன நிரூபிக்கிறது?"

"ஒண்ணும் நிரூபிக்க முடியாது. நீ ஒரு காரியம் பண்ணு. ஸ்கூல் பஸ் ஓட்டுற அம்மா வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த ரோட்டுல போயிருப்பாங்க. கொட்டகைல என்ன தொங்குச்சுன்னு கேளு. நட்சத்திரம்ங்கற வார்த்தைய மட்டும் நீயா எடுத்துக் குடுக்காத."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் துக்கத்துக்கான சாப்பாடு வைத்திருந்தார்கள். பன்றித்தொடைக் கறி, பீன்ஸ், ஆப்பிள் பை. எல்லாம் இருந்தது, பாதித் தட்டுகள் தொடாமலே திரும்பின. சுவரில் வெர்லா வண்ணம் தீட்டிக் காட்டிய நட்சத்திரப் படம் குளிர்காலத்திலிருந்து அங்கேயே குத்தியிருந்தது. கூட்டம் கலைந்தபின் ஐரா நாலு பேரை மட்டும் இருக்கச் சொன்னார்: வெர்லா, மெர்ல், ஷெரிஃப், லெட்டி.

அவர் சுவரிலிருந்து படத்தை எடுத்து, குறுக்கே சரிபாதியாகக் கிழித்தார். வெர்லா திடுக்கிட்டாள்.

"மன்னிச்சுக்க, வெர்லா. நீ வரைஞ்சதும் இப்படி ரெண்டு பாதிதானே. மேல்பாதில மஞ்சக் கட்டம் எங்க இருக்கு?"

"அடி ஓரத்துல."

"கீழ்ப்பாதில?"

"மேல் ஓரத்துல. ரெண்டும் ஒட்டுனாத்தானே முழுக் கட்டம் ஆகும்."

"கொட்டகைல கீழ மாட்டியிருந்த பலகையத் தூக்கிப் பாத்தோம். அதுல பாதி மஞ்சக் கட்டம் மேல் ஓரத்துல இல்ல. கீழ, வாசக்கட்டைய ஒட்டி இருந்துச்சு." அவர் இரண்டு துண்டுகளையும் மேசையில் மேல்கீழாக மாற்றி வைத்தார். மஞ்சள் கட்டம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி உச்சிக்கும் மறுபாதி அடிக்கும் போனது. வெளியே விரிய வேண்டிய சிவப்பு முனைகள் நடுவில் வந்து ஒன்றையொன்று முட்டின.

வெர்லா வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டையும் மாத்தி மாட்டிட்டாங்க!"

"ஹோபார்ட் மாட்டினாரு. டார்சி தப்புன்னான். அவரு ஒத்துக்கல. ஒத்துக்காதது போதாதுன்னு போல்ட்டு முனையையும் அடிச்சு நசுக்கிட்டாரு. தீவனக் கடையில டார்சி 'அப்படித் தொங்குறதுக்கு'ன்னு கத்தினது இதைத்தான். ஜெயில்ல வாய் தொறக்காததும் இதுக்குத்தான். செத்த அண்ணன் மேல ஒரு குத்தத்த வைக்க அவனுக்கு மனசு வரல."

ஷெரிஃப் தொண்டையைச் செருமினார். "சரி, ஐரா. பலகை தப்பா தொங்குச்சு. அதனால டார்சி கொளுத்தலன்னு ஆயிடுமா?"

"லெட்டி, பஸ்காரம்மா என்ன சொன்னாங்க?"

"மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி போனாங்களாம். 'ரிக்ஸ்பிங்க ஏதோ மணல்கடிகாரம் மாதிரி கோணலா ஒண்ண மாட்டியிருக்காங்க, பிள்ளைங்க எல்லாம் பாத்துச் சிரிச்சுது'ன்னாங்க. நட்சத்திரம்னு அவங்களுக்குத் தெரியவே இல்ல."

"அன்னைக்கி அந்த ரோட்டுல போன யாரும் நட்சத்திரத்தப் பாத்திருக்க முடியாது" என்றார் ஐரா. "மெர்ல், நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க. நடுவுல மஞ்சக் கட்டமும், வெளிய விரிஞ்ச எட்டு முனையும். அது இந்தக் கூடத்துச் சுவர்ல இருந்த படம். நீங்க கொட்டகையோட முன்பக்கத்தப் பாக்கவே இல்ல. பின்வாசல் கல்லுல ஓடைக் களிமண் இருக்கு. பரண்ல நின்னு யாரோ ஒரு போல்ட்ட மெஷின் வச்சு வெட்டியிருக்காங்க." கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தார். "நீங்க கெட்டவர்னு நான் நெனைக்கல. நீங்களே சொல்லுங்க."

மெர்ல் அந்த அறுபட்ட இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிய மனிதர் குழந்தை போலக் குலுங்கி அழத் தொடங்கினார்.

"ஹோபார்ட்தான் கூப்பிட்டாரு. 'போல்ட்டு கொஞ்சம் வெட்டணும், மெஷின் எடுத்துட்டு வா'ன்னாரு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல. நான் ஓடையத் தாண்டிப் பின்பக்கமாவே வந்து பரண்ல ஏறுனேன். ஒண்ணத்தான் வெட்டினேன். பொறி வைக்கோல்ல விழுந்துச்சு. கால வச்சு மிதிச்சேன், அணையல. ஓடிடலாம் வாங்கன்னு கத்துனேன். 'கன்னுக்குட்டிங்க'ன்னு சொல்லிட்டு அவரு உள்ள போனாரு." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "நான் ஓடிட்டேன், வெர்லா. அவர விட்டுட்டு ஓடிட்டேன். டார்சி கத்துனத எல்லாரும் பேசிக்கிட்டாங்க. பயத்துல அவன் பேரச் சொல்லிட்டேன். சொன்ன நிமிஷத்துலேருந்து நான் செத்துக்கிட்டுதான் இருக்கேன்."

வெர்லா அவர் பக்கம் திரும்பவில்லை. "பொறி யார் கையிலயும் விழும், மெர்ல்" என்றாள். "அத நான் மன்னிச்சிடுவேன். மத்தது எனக்கு இப்ப முடியாது."

அன்று மாலையே சிறைக் கதவைத் திறந்தார்கள். ஐரா லெட்டியோடு வாசலில் காத்திருந்து டார்சிக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவன் கடைசிவரை கேட்டான். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அப்போ எங்கண்ணன் அத எறக்கத்தான் போனாரா?"

"ஆமா. நசுக்கின போல்ட்ட வெட்டினாத்தான் பலகை எறங்கும். நீ சொன்னது சரின்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. உன்ன உதவிக்குக் கூப்பிட வெக்கப்பட்டு மெர்லக் கூப்பிட்டிருக்காரு. நீ வந்து பாக்கறதுக்குள்ள மாத்திடணும்னு நெனச்சிருக்கணும்."

டார்சி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "ஒத்துக்கலன்னா என்ன இப்ப? வெறும் பலகைதானே! தொங்கிட்டுப் போகட்டும்னு நான் விட்டிருக்கக் கூடாதா?" என்றான். லெட்டி அவனைத் திமிர் பிடித்தவன் என்று சொன்னதை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை அவன் பெட்டியின் தலைமாட்டைத் தூக்கினான்.

மிஞ்சிய அந்தக் கருகிய பலகையை என்ன செய்வது என்று வெர்லாவுக்குத் தெரியவில்லை. புதிதாக வரைந்து தருகிறேன், இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள். டார்சி கேட்கவில்லை. அதைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் கொட்டகையின் முகப்பில், சாலை பார்க்க மாட்டினான். லெட்டி அந்த வழியாகப் போனபோது அவன் ஏணியில் நின்று கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். பாதி மஞ்சள் கட்டம் அடி ஓரத்தில் இருந்தது. அதன் கீழே, இன்னொரு பாதிக்கு வேண்டிய இடமில்லாமல், வாசல்கட்டை வந்து முட்டியது.

அவள் வண்டியை நிறுத்தி, "மிஸ்டர் ரிக்ஸ்பி, இது நட்சத்திரத்தோட மேல்பாதி. கீழ மாட்டியிருக்கீங்க" என்றாள்.

"தெரியும்மா" என்றான் டார்சி. "அண்ணன் மாட்டுன மாதிரியே இருக்கட்டும்."