ஒரு டீ குடித்துவிட்டு வரவும்

பல் தேய்ப்பதற்கு முன்பே பிரிஜித்தா கண்ணாடி முன் உட்கார்ந்து முகத்தை மரக்கட்டையாக்கப் பழகினாள். புருவம் ஏறக் கூடாது, உதடு பிதுங்கக் கூடாது. பயிற்சிச் செயலி விடாமல் அளந்து, "இடது புருவம் அசைந்தது" என்று மூன்றாவது தடவையாகக் காட்டிக்கொடுத்தது. ஆராய்ச்சி செய்பவர்களுக்கு மூளை ஓடினால் மட்டும் போதாது, முகமும் அடங்கியிருக்க வேண்டும் என்று ஆகிவிட்ட காலம் அது.

எல்லாம் கைச்சான்று படுத்தும் பாடு. முப்பது வருடத்துக்கு முன்னால் இயந்திரங்கள் நாளுக்கு லட்சம் ஆய்வுக் கட்டுரைகளை எழுதித் தள்ளின. அத்தனையும் பார்க்க லட்சணமாக இருந்தன. எது மெய், எது கப்சா என்று பிரிக்க ஆளில்லை. கடைசியில் உலக மாநாடுகள் கூடி, கைச்சான்று என்று ஒரு விதி போட்டன. ஊர்ப் பட்டியலில் குலுக்கிப் போட்டு யாரோ ஒருவரை எடுப்பார்கள். அவர் கட்டுரையை மட்டும் படித்து, தன் கையால் அதைச் செய்துகாட்ட வேண்டும். எழுதியவர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். கண் ஜாடை காட்டினாலும் போச்சு. மூன்று தடவை தவறினால் பத்து வருடம் அந்த ஆய்வையே யாரும் தொட முடியாது.

பிரிஜித்தாவுக்கு இரண்டு தடவை தவறிவிட்டது. அவள் கண்டுபிடித்தது ஒரு பானை. பாசியைக் களிமண் கரைசலில் கலக்கி, பானைக்குள் படலமாகப் படியவிட்டால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராக இறங்கும். அவள் பிறந்த மணல்முகத்தில் கிணறெல்லாம் உப்பாகி, அடுத்த வருடம் ஊரைக் காலி செய்ய உத்தரவு வந்திருந்தது. பத்து வருடம் கழித்து நல்ல தண்ணீர் கிடைத்தால் குடிக்க ஊரில் யார் இருப்பார்கள்?

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் கைபட்டால் படலம் கச்சிதமாகப் படிந்தது. கட்டுரையைப் படித்துச் செய்த தச்சருக்கும் நர்ஸுக்கும் படியவில்லை. லேப்பிலிருந்த ரோபோக் கைக்கும் படியவில்லை.

"அக்கா, நீங்க செய்யுங்க. நான் ஒண்ணுவிடாம எழுதுதேன்," என்றான் உடன் வேலை பார்க்கும் இசக்கியப்பன். அன்று முழுக்க அவள் பின்னாலேயே திரிந்து, மூக்கைச் சொறிந்தது வரை எழுதினான். தண்ணீர் இனித்தது. அந்தப் பட்டியலை ரோபோக் கைக்குக் கொடுத்தார்கள். உப்புக் கரித்தது.

மாநாட்டுக்குக் கடைசித் தேதி ஐந்து நாளில். இருவரும் லேப் வாசல் டீக்கடையில் போய் நின்றார்கள். கடைக்கார நயினார், "பேப்பரு என்னாச்சு?" என்று கேட்கப்போக, இசக்கி ஆற்றாமையில் பட்டியல் முழுவதையும் அவரிடம் வாசித்துக் கொட்டினான்.

"கலக்குன பொறவு நேரா பானையில ஊத்திருவீங்களோ?"

"ஆமா அண்ணாச்சி."

"பொய் சொல்லாதீங்க. தெனமும் கையில களிமண்ணோடதான ரெண்டு பேரும் வந்து நிக்கீங்க. எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க, எங் கடையக் காணோமே."

பிரிஜித்தா தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் களிமண் காய்ந்திருந்தது. இரண்டு வருடமாக, கலக்கிய கையோடு எழுந்து வந்து டீ குடித்திருக்கிறாள். அந்த நேரத்தில் கரைசல் ஆடாமல் அசையாமல் தெளிந்திருக்கிறது. எழுத வேண்டிய இசக்கியும் கூடவே டீ குடிக்க வந்துவிட்டான். ரோபோவுக்கு டீ பழக்கம் கிடையாது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நயினாரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

மூன்றாம் கைச்சான்றுக்குக் குலுக்கலில் வந்தவள் ராஜகனி, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவள். சுறுசுறுவென்று பாதி வேலையை முடித்தவள், அடுத்த வரியில் நின்றாள். சத்தமாக வாசித்தாள்.

"கலத்தை அசைக்காமல் வைத்துவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரவும். கால் மணி நேரத்துக்குக் குறையக் கூடாது." கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். "எனக்கு டீ ஆகாதே. வேலையப் பாதியில விட்டும் பழக்கமில்ல."

அவள் கை கலத்தை நோக்கிப் போயிற்று. பிரிஜித்தா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முகம் மட்டும் அசையவில்லை.

ராஜகனி கையை இழுத்துக்கொண்டாள். "எழுதுனவ ஒரு காரணத்தோடதான் எழுதியிருப்பா. நான் ஒரு மோரு குடிச்சிட்டு வாரேன்."

இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஊற்றினாள். படலம் படிந்தது. உப்புத் தண்ணீரை விட்டாள். கீழே சொட்டியதைப் பிடித்து, நாக்கில் வைத்து, அப்புறம் டம்ளரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அளவுமானியில் பச்சை விளக்கு எரிந்தது. கண்காணிப்பாளர் முத்திரையை அழுத்தியதும் கட்டுரை மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதியவர்கள் பிரிஜித்தா, இசக்கியப்பன், நயினார். செய்தவர் ராஜகனி.

இசக்கி மூக்கை உறிஞ்சினான். பிரிஜித்தாவுக்குத் தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது. இனி முகம் எப்படிப் போனால் என்ன?

ராஜகனி இது எதையும் கவனிக்கவில்லை. மிச்சமிருந்த களிமண்ணில் பாசியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வேலை முடிஞ்சுது, நீங்க கெளம்பலாம்," என்றார் கண்காணிப்பாளர்.

"பொறுங்க சார். எங்க வீட்டுக்கு ஒண்ணு, எதுத்த வீட்டுக்கு ஒண்ணு போட்டுக்கிடுதேன்." கலக்கி முடித்துக் கலத்தை ஓரமாக வைத்தாள். தடுப்பைத் தாண்டி வந்து பிரிஜித்தாவின் தோளைத் தட்டினாள்.

"வாங்க, கால் மணி நேரம் இருக்கு. எனக்கு மோரு போதும், உங்களுக்கு டீ எங்க நல்லாருக்கும்?"