வட்டிலப்பமும் வலது கை விரலும்

காலை ஏழரை. திருகோணமலைத் துறைமுக வீதியிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் வட்டிலப்பம் ஒன்று காணாமல் போயிருந்தது. லாபிரின் கட்டிலருகே வெறும் கிண்ணம்தான் இருந்தது.

லாபிர் கிண்ணியாவில் படகு எஞ்சின் திருத்துபவர். எட்டு மணிக்கு அவருக்குப் பித்தப்பை ஒப்பரேஷன். ஒப்பரேஷன் முடிந்து அவர் சாப்பிடட்டும் என்று மனைவி றுக்கியா தேங்காய்ப்பாலும் முட்டையும் பாகும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டு வந்திருந்தாள்.

"ரத்தத்தில சீனி முந்நூற்றுப் பத்து!" என்றாள் தாதி சுதர்ஷிகா. "சாப்பிட்டிட்டார்."

"வயிறு நிறைஞ்ச ஆளை மயக்கினா சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயிடும்," என்றார் சத்திரசிகிச்சை நிபுணர் கிறிஸ்தோபர். "நாளைக்குச் செய்வம்."

மயக்க மருந்து நிபுணர் நஜ்முன் நிஸா அசையவில்லை. "நாளைக்கெண்டா திரும்பவும் பட்டினி. இவருக்கு அது ஏலாது."

லாபிருக்கு இழைமணி நோய். உடலின் கலங்களுக்குச் சக்தி தரும் பகுதியே பழுது. நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் தசைகள் சோர்ந்து, இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். அதனால்தான் இரவிலிருந்தே இடது கையில் குளுக்கோஸ் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டனீங்களா?" என்று நிஸா லாபிரிடம் கேட்டார்.

"இல்ல டொக்டர்."

"அப்ப ஆர்?"

லாபிர் முகட்டைப் பார்த்தார்.

"நானும் இவரோட பட்டினிதான்," என்றாள் றுக்கியா. "இவர் கண் முழிக்கும் வரைக்கும் வாயில ஒண்டும் வைக்க மாட்டனெண்டு உம்மாட்ட சொல்லியிருக்கன்." விடியற்காலையில் நிஸா வந்து பார்த்தபோது கதிரையில் சுருண்டு கிடந்தவளின் குரல் இப்போது வாசல் வரை கேட்டது.

நிஸா தாதியிடம் திரும்பினார். "எந்த விரல்ல குத்தினனீங்க?"

"வலது கையில. ஸ்பிரிட்டால துடைச்சிட்டுத்தான்."

"சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு இன்னொருக்கா பாருங்க."

நூற்றுப் பதினெட்டு.

கிறிஸ்தோபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஸா ஸ்கான் கருவியை லாபிரின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். இரைப்பை வெறுமையாக இருந்தது.

"சீனி ரத்தத்தில இல்ல, விரலில இருந்தது. பாகு ஒட்டினா ஸ்பிரிட்டுக்குப் போகாது. வட்டிலப்பத்தை இவர் தொட்டிருக்கிறார், ஆனா தின்னல்ல. சேலைன் ஏறாத கையால ஆருக்கோ ஊட்டியிருக்கிறார்." அவர் றுக்கியாவைப் பார்த்தார். "விடியச் சுருண்டு கிடந்த உங்களுக்கு இந்தத் தெம்பு எங்கால வந்தது?"

றுக்கியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கண் இருட்டிட்டு டொக்டர். இவர்தான் வாயில வெச்சார். நாளைக்கெண்டு சொல்லக்குள்ள நான் வாயத் திறந்தன், இவர் கண்ணக் காட்டி அடக்கிட்டார்."

"அவருக்குக் குளுக்கோஸ் ஏறினது," என்றார் நிஸா. "உங்கள ஆர் பட்டினி கிடக்கச் சொன்னது?"

ஒப்பரேஷன் தடங்கலின்றி முடிந்தது. உடல் குளிராதபடி போர்த்தி, குளுக்கோஸ் நிற்காதபடி பார்த்து, லாபிர் நன்றாக மூச்செடுக்கும் வரை நிஸா பக்கத்திலேயே நின்றார்.

நண்பகலில் றுக்கியாவின் போன் அடித்தது. அவளுடைய உம்மா. றுக்கியா போனைக் கணவரின் காதில் வைத்தாள்.

"ஓம் மாமி," என்றார் லாபிர் மெலிந்த குரலில். "உங்கட மகள் பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல்ல."

நிஸா மொனிட்டரைப் பார்த்தார். இவ்வளவு பெரிய பொய்யிலும் நாடித்துடிப்பு கொஞ்சமும் ஏறவில்லை. ஆள் தேறிவிட்டார் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.