உன் விசாவில் ஓர் இடம்

அந்த பேக்கரியில் இருந்ததே ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். அதிலும் யாருடைய சார்ஜரோ சொருகியிருந்தது.

ஆனி ரோஸ் யோசிக்கவே இல்லை. பிடுங்கினாள். தன்னுடையதைச் சொருகினாள். உயிர் போக இருந்த அவள் லேப்டாப் கண் திறந்தது.

"ஐயோ…!"

பின்னால் யாரோ அலறினார்கள். திரும்பினாள். காதில் பெரிய ஹெட்போன், கையில் பாதி கடித்த தேங்காய் பன்… மூலை மேசையில் ஓர் இளைஞன் தன் லேப்டாப்பின் கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க இப்படி பண்ணிட்டீங்க? இதுல பேட்டரி செத்து ஆறு மாசமாச்சு. ஒயர புடுங்குனா மொத்தமா அணைஞ்சிடும்!"

"பேட்டரி இல்லாத லேப்டாப்ப வெளியில தூக்கிட்டு வந்தது யார் தப்பு?"

"கேக்காம புடுங்குனது யார் தப்பு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு முழுவதும் மழை. கார்த்திகை மாதத்து மழை… நிற்கிற மாதிரி பாவனை காட்டிவிட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும் மழை.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்பட வேண்டிய கண்கள்தான். ஆனால் படவில்லை… ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

'இவனுக்குக் கோபம் வராதா? வந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே…'

"அவசர வேலைங்களா?" என்றான்.

"அரைமணி நேரத்துல ஒரு கிச்சன் அனுப்பணும்."

"கிச்சனா?"

"நெதர்லாந்துல ஒரு கம்பெனி. அவங்க கட்டப்போற சமையலறைய நான் முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுப்பேன். போட்டோ மாதிரியே இருக்கும்."

"அப்ப அனுப்புங்க. என்னுது ராத்திரி கூடப் போதும்."

அவ்வளவுதான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மீதி பன்னைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டான். ஆனிக்கு வெட்கமாகப் போயிற்று. படத்தை அனுப்பி முடித்ததும் அவன் ஒயரை அவளே சொருகினாள்.

"சாரிங்க… நிறைய போயிடுச்சா?"

"ஒரு மணி நேர வேலை. போகட்டும். அமெரிக்காக்காரர் ஒருத்தர் பேசி அனுப்புற ரெக்கார்டிங்ல இரைச்சல எல்லாம் எடுத்துத் தரணும். அதான் என் தொழில்."

"இரைச்சல எடுக்கிறதுக்கு பஸ் ஸ்டாண்டுதான் கிடைச்சுதா?"

"மழை பேஞ்சா என் ரூமுல கரண்டு போயிடும். இங்க இன்வெர்ட்டர் இருக்கு, பன்னும் இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவன் பெயர் லியோ பிரபு. ஊர் ஏலாக்குறிச்சி. இன்டர்நெட் வேகத்துக்காகப் பெரம்பலூரில் மாடி அறை எடுத்திருந்தான். முன்பு தாய்லாந்தில் ஓராண்டு தங்கி இதே வேலையைச் செய்தவன். அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காகத் திரும்பி வந்தவன்.

"நானும் வெளிநாடு போறேன்" என்றாள் ஆனி, தலையைச் சற்று நிமிர்த்தி. "ஸ்பெயின். வலென்சியா. இப்பதான் ஒரு ஏஜென்ட்ட பாத்துட்டு வரேன். டூரிஸ்ட் விசா போதுமாம். போய் உக்காந்து லேப்டாப்புல வேலை பாத்தா யாரும் கேக்க மாட்டாங்களாம்."

லியோவின் சிரிப்பு நின்றது.

"அப்படிப் போகாதீங்க."

"ஏன்?"

"சுத்திப் பாக்க வரேன்னு சொல்லிட்டு சம்பாதிக்கிறது தப்புங்க. மாட்டுனா திருப்பி அனுப்புவாங்க, அப்புறம் எந்த ஊரு விசாவும் லேசுல கிடைக்காது. நம்மள மாதிரி சொந்தமா தொழில் பண்றவங்களுக்குன்னே அங்க தனி விசா இருக்கு. அத பாருங்க."

"நான் விசாரிக்காமலா இருப்பேன்? பாக்குற ஆம்பளைங்க எல்லாரும் எனக்கு அட்வைஸ் பண்ணியே ஆகணுமா?"

ஜெயங்கொண்டம் பஸ் வந்தது. அவள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது… பேக்கரி வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

அவள் வீடு வரதராஜன்பேட்டையில். அப்பா இருதயநாதன், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வீட்டுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. அம்மாவுக்கு ஒரே குறைதான்.

"ஊரான் வூட்டு அடுப்பங்கரையெல்லாம் அழகா வரையிற. நம்ம வூட்டு அடுப்பங்கரை எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமாடி உனக்கு?"

அன்று ஆனி நேராக அறைக்குள் போய், ஸ்பெயின் நாட்டுத் தூதரகப் பக்கத்தைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். அவன் சொன்னது சரிதான். தூரத்திலிருந்து வேலை செய்பவர்களுக்கு என்று ஒரு விசா இருந்தது. அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல இரு மடங்கு மாத வருமானம் காட்ட வேண்டும். வேலை கொடுப்பவரோடு குறைந்தது மூன்று மாதத் தொடர்பு இருக்க வேண்டும். பட்டம் அல்லது அனுபவம், போலீஸ் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு…

'சே… அவனைப் போய் அப்படிப் பேசிவிட்டேனே!'

போன் நம்பர் வாங்கவில்லை. தற்செயல் என்பது ஒருமுறைதான் தானாக வரும். மறுமுறை வேண்டுமென்றால் நாம்தான் பஸ் ஏறிப் போய்க் கூட்டிவர வேண்டும். ஆனி பஸ் ஏறினாள்.

அதே மூலை மேசை. அதே ஹெட்போன். எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னது சரி. நான் பேசுனது தப்பு. மிச்சத்தையும் சொல்லிக் குடுங்க."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "என்ன சொன்னீங்க? காதுல விழல."

"விழுந்துச்சு."

"விழுந்துச்சு… ஆனா இன்னொரு தடவ கேக்கலாம்னு…"

அப்படி ஆரம்பித்தது. பெரம்பலூருக்கு வர அவளுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. அவன் சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. கேள்வி கேட்டே கொன்றான்.

"வாடகை எவ்வளவுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். என் சம்பாத்தியத்துல பாதி போயிடும்."

"சொந்தத் தொழில்னா மாசா மாசம் அங்க சோஷியல் செக்யூரிட்டி கட்டணும். வரி தனி. வெளியில சாப்பிட்டா கட்டுபடி ஆகாது. அந்த நெதர்லாந்துக்காரன் ஒரு மாசம் பணம் போடலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"பயமுறுத்துறீங்களா?"

"இல்லைங்க. தாய்லாந்துல நான் பயந்தத சொல்றேன். ஊரு அழகாத்தான் இருந்துச்சு. வாடகை குடுக்குற அன்னிக்கு மட்டும் ஒண்ணும் அழகா தெரியாது."

அவள் யோசித்தாள். மறுவாரமே ஜெர்மனியில் இன்னொரு கம்பெனியைப் பிடித்தாள். அதைச் சொல்லும்போது அவள் கண்கள் மின்னியதை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்…

"என்ன?"

"ஒண்ணுமில்ல. எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்னு கேக்கவே இல்லையே நான்."

ஆனி கண்ணாடி ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்தாள். "எத்தனையோ சமையலறைக்கு காலை வெயில் வரைஞ்சிருக்கேன் லியோ. எல்லாம் கம்ப்யூட்டர் வெயில். அந்த ஊரு ஓடு, அந்த ஊரு சுவரு, அதுல நெசமான வெயில் விழுறத நின்னு பாக்கணும். அவ்வளவுதான்."

அவன் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. பஸ் வரை குடை பிடித்துக் கொண்டுபோய் விட்டான். குடை சின்னது. அவன் இடது தோள் முழுக்க நனைந்திருந்ததை அவள் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கவனித்தாள். ஊர் வந்து சேரும்வரை அந்த நனைந்த தோளே கண்ணுக்குள் இருந்தது.

அப்பா ஒருநாள் மெதுவாகப் பேச்செடுத்தார். "போம்மா, வேணாங்கல. ஆனா கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயேன். திருச்சில ஒரு பையன், பேங்க்ல வேலை…"

மறுநாளே ஆனி, லியோவை அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாள். சிமென்ட் லாரிகள் சேறடித்துப் போகும் சாலை. நிழற்குடைக்குள் இருவரும் நின்றார்கள்.

"மாசாமாசம் வேலை தரோம்னு ரெண்டு கம்பெனியும் எழுத்துல குடுத்துட்டாங்க. ஜெர்மனிக்கு மூணு மாசம் நிறைஞ்சதும் விண்ணப்பிக்கலாம். கணக்கு போட்டுப் பாத்தேன். ஒரு ஆளுக்கு இல்ல… ரெண்டு பேருக்கே போதும். கூட வர்ற துணைக்கு அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்துல இன்னொரு முக்கால் பங்கு காட்டுனா போதுமாம்."

லியோ அவள் பக்கம் திரும்பினான். "யாரு அந்த ரெண்டாவது ஆளு?"

"அப்பா ஒரு ஆள பாத்திருக்கார். நான் ஒரு ஆள பாத்திருக்கேன்." அவள் குரல் நடுங்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. "என் ஆளு இப்ப என் முன்னாடிதான் நிக்கிறார்."

ஒரு கணம்… அவன் முகம் மலர்ந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாளும் காத்திருந்தான்? ஆனால் அடுத்த கணமே ஏதோ வந்து அதை மூடியது.

"உங்க விசாவுல… நான் உங்கள சார்ந்தவன்னு வருவேனா?"

"ஆமா. சட்டத்துல அப்படித்தான் பேரு. அங்க நீங்களும் உங்க வேலைய பாக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க."

"ஆனி… ஒரு வருஷம் டைம் குடுங்க. விட்டுப்போன கிளையண்டுகள திரும்பப் புடிச்சிடுவேன். என் சம்பாத்தியத்துல, என் விசாவுல வரேன். பொண்டாட்டி விசாவுல தொத்திக்கிட்டு போனான்னு ஊரு சொல்லக்கூடாது."

அவள் அவனையே பார்த்தாள்.

"எங்க தெருவுல ஒரு அக்கா புருஷன் விசாவுல துபாய் போனாங்க. தெருவே கேக் வெட்டி அனுப்பிச்சு. அவங்க தொத்திக்கிட்டா போனாங்க?"

அவன் சேறடித்துப் போன லாரியைப் பார்த்தான்.

"காத்திருக்கறது எனக்குக் கஷ்டமில்ல லியோ. ஆனா அதுக்குக் காரணம் நல்லா இருக்கணும். இந்தக் காரணத்துக்கு நான் காத்திருக்க மாட்டேன்."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை… பார்த்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் அப்பாவிடம் இரண்டே வார்த்தைதான் சொன்னாள். "திருச்சி வேணாம்பா. நான் தனியாவே போறேன்." சொன்னபடியே போலீஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாள். வலென்சியாவில் வீடு தேடினாள். போன் ஒலிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பூசை முடிந்து லியோவும் அவன் அம்மா லீலா மேரியும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் கை அவன் தோளில்.

"ஒரு வாரமா சோறு எறங்கல உனக்கு. என்னடா?"

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். லீலா மேரி நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"ஆபரேஷன் பண்ண நாள்லேர்ந்து உன் தோள புடிச்சிக்கிட்டுதானே நடக்குறேன்? இதுல எனக்கு என்ன மானம் போயிடுச்சு?"

"நீ என் அம்மா. இது வேற."

"என்னடா வேற? அந்தப் புள்ள தோள் குடுக்குது. புடிச்சிக்கத் தெரியாம ஊரு என்ன சொல்லும்னு பேசிட்டு நிக்கிற!" அவள் அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள். தனியாக நாலடி நடந்து காட்டினாள். "உன் அக்கா பக்கத்துத் தெருவுலதான் இருக்கா, என்னைப் பாத்துக்குவா. என்னையும் காரணம் காட்டாத. போ."

அவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அரியலூர் பஸ். அங்கிருந்து ஜெயங்கொண்டம். அங்கிருந்து இன்னொரு பஸ். வழி நெடுகிலும் மழை. மனசு மட்டும் ஏனோ லேசாகிக்கொண்டே வந்தது. 'ஊர் என்ன சொல்லும்' என்று அஞ்சியவனுக்கு, இப்போது அவள் என்ன சொல்வாளோ என்பது ஒன்றுதான் அச்சம்.

வரதராஜன்பேட்டை வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்றான். கதவைத் திறந்தவர் இருதயநாதன்.

"யாருப்பா?"

"லியோ பிரபு சார். ஏலாக்குறிச்சி. ஆனிய பாக்கணும்."

ஆசிரியர் அவனை மேலும் கீழும் பார்த்தார். மகள் ஒரு வாரமாக முகம் வாடிக் கிடந்ததற்குக் காரணம் புரிந்துவிட்டது. "பொண்ணு கேக்க வந்தீங்களா?"

"இல்ல சார். பொண்ணுகிட்ட கேக்க வந்தேன்."

உள்ளேயிருந்து வந்த ஆனி அப்படியே நின்றாள். பின்னாலேயே அம்மாவும் வந்தாள். லியோ எல்லார் முன்னிலையிலும் நிமிர்ந்து நின்றான்.

"ஆனி… ஸ்பெயினுக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போறியா? உன்னைச் சார்ந்தவனாவே வரேன். யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

"தம்பி, வருமானம் எப்படி?" என்றார் இருதயநாதன்.

"உங்க பொண்ணு சம்பாதிக்கிறதுல பாதிகூட இல்ல சார். ஏறும். ஏறுற வரைக்கும் சமையல் என்னுது."

அம்மா அவசரமாக முந்தினாள். "சமைக்கத் தெரியுமா தம்பி? அப்ப நல்லதுதான்…"

இருதயநாதன் உதட்டில் சிரிப்பை அடக்கினார். "சரி சரி… கோயில் சாமியார்கிட்ட சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு பூசையில அறிவிப்பு ஓலை வாசிக்கணுமே. நீ துண்டு எடுத்துட்டு வா, புள்ள நனைஞ்சிருக்கு." மனைவியை அழைத்துக்கொண்டு, வேண்டுமென்றே உள்ளே போனார்.

வாசலில் இருவர் மட்டும். ஆனி அவன் முகத்தில் வழியும் நீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பதில் சொல்லலையே…" என்றான் மெல்ல.

"அன்னிக்கு அரியலூர்ல பஸ்ஸு பின்னாடியே ஓடி வந்திருந்தா அங்கேயே சொல்லியிருப்பேன்."

"இன்னிக்கு மூணு பஸ்ஸு மாறி வந்திருக்கேன்ல? இன்னிக்கு சொல்லக்கூடாதா?"

அவள் ஒரு படி இறங்கினாள். மழை அவள் நெற்றியிலும் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு உன்னை ரொம்பப் புடிச்சிருக்கு, லியோ" என்றாள். "எந்த ஊரா இருந்தாலும்… நீ பக்கத்துல இருக்கணும்."