ஒட்டி நின்ற வண்டி

அவ்வளவு பெரிய இடம் காலியாகக் கிடக்க, அந்த வண்டி வந்து இவர்கள் வண்டியை ஒட்டித்தான் நின்றது.

நோரீன் அப்போது சூப் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பனி படிந்த திடலும், அதன் கோடியில் கழிப்பறைக் கட்டடத்தின் மஞ்சள் விளக்கும், விளக்கைச் சுற்றிக் காற்றில் படுக்கைவாட்டில் பறக்கும் பனித்தூளும் அதுவரை தெரிந்துகொண்டிருந்தன. ஒரு கிண்ணத்தைத் துடைத்து அடுக்கிவிட்டு நிமிர்வதற்குள் எல்லாம் மறைந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிறிப்போன தகரச் சுவர் ஒன்று நின்றது. எஞ்சின் சத்தம் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. முகப்பு விளக்கின் ஒளி உள்ளே விழுந்ததாகவும் நினைவில்லை.

மதியத்திலிருந்தே வயோமிங்கின் காற்று அவர்களைப் பக்கவாட்டில் அறைந்துகொண்டிருந்தது. நன்றி நாள் விருந்துக்குப் போய்சி நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிற வழி. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டிய ட்ரெய்லர் வீடு, பாலங்களில் ஏறும்போதெல்லாம் கயிற்றில் கட்டிய கன்று மாதிரி இழுத்தது. பொழுது சாய்ந்ததும் நோரீனின் கணவன் எல்டன், "இதுக்கு மேல ஓட்டினா என் கை தனியா கழண்டு வந்துடும்" என்று சொல்லி இந்த நெடுஞ்சாலை ஓய்விடத்தில் திருப்பிவிட்டான். இரவு வண்டியிலேயே தூங்கலாம், ஆனால் ட்ரெய்லருக்கு அடியில் தாங்குகால் ஊன்றக் கூடாது, அதைக் கழற்றக் கூடாது என்று வாசலில் பலகை இருந்தது. அதனால் ட்ரெய்லர் பிக்கப்போடு சேர்ந்தே, தன் ஸ்பிரிங்குகள்மேல் லேசாக ஆடியபடி நின்றது. சரக்கு லாரிகள் கட்டடத்துக்கு அப்பால் வரிசைகட்டியிருந்தன. அவற்றின் குளிர்சாதன எஞ்சின்களின் உறுமல், காற்று சற்று ஓயும்போது மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் இவர்களைத் தவிர யாருமில்லை.

நோரீன் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவின் தாழை நீக்கித் தள்ளினாள். ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து, டொக் என்று எதிலோ இடித்து நின்றது. இடுக்கு வழியே குளிரோடு ஒரு வாடை வந்தது. டீசலும் இல்லை, சூடான எஞ்சினும் இல்லை. பல மாதங்கள் மின்சாரம் இல்லாமல் மூடிக்கிடந்த குளிர்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. அவள் கதவைச் சாத்தினாள். இந்த ட்ரெய்லருக்கு வேறு கதவு கிடையாது.

"எல்டன். எந்திரி. கதவு திறக்க மாட்டேங்குது."

படுக்கையிலிருந்து முனகல் வந்தது. "அது இழுக்கற கதவு இல்ல. தள்ளணும்."

"நாப்பது வருஷமா உன்கூடக் குப்பை கொட்டறேன். கதவு தள்ளத் தெரியாதா எனக்கு? எவனோ நம்ம மேல ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கான். வந்து பாரு."

எல்டன் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தான். ஜன்னலைப் பார்த்தான். கதவைத் தள்ளிப் பார்த்தான். டொக்.

"இத்தன எடம் கெடக்கு. நம்ம மேல என்ன பாசமோ அவனுக்கு" என்றான். "தூக்கக் கலக்கத்துல நிறுத்தியிருப்பான். காலைல போயிடுவான், நீ வந்து படு."

"ஹீட்டர் ஓடுது, எல்டன். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எப்படி வெளிய போறது? உனக்கென்ன, நீ ஜன்னல்ல குதிச்சிடுவ. நான் இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு குதிக்க முடியுமா?"

அவளுக்கு இடுப்பு எலும்பை மாற்றிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எல்டன் தலையைச் சொறிந்தான். பிறகு சமையல் ஜன்னலைப் பக்கவாட்டில் நகர்த்தித் திறந்தான். ஒரு சாண் தள்ளி அந்த வண்டியின் ஜன்னல், இவர்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில். உள்ளே பழுப்புத் திரை. வெளிச்சம் இல்லை. எல்டன் துடைப்பக் கட்டையை நீட்டி அந்தக் கண்ணாடியில் தட்டினான். டக், டக், டக்.

உடனே உள்ளேயிருந்து பதில் வந்தது. டக், டக், டக்.

"பாத்தியா, ஆள் இருக்கு" என்று அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குரலை உயர்த்தினான். "சார், கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேன். எங்க கதவு திறக்க மாட்டேங்குது. என் வீட்டுக்காரிக்கு உடம்பு வேற சரியில்ல."

காற்று இரண்டு வண்டிகளுக்கும் நடுவே நுழைந்து, காலி பாட்டிலில் ஊதுவதுபோல நீளமாக ஒலித்து அடங்கியது. அதன்பின் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து, கண்ணாடியில் வாயை வைத்துப் பேசினாற்போல, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு குரல் கேட்டது. காய்ச்சலில் கிடப்பவரிடம் பேசுவதுபோல மிகவும் மிருதுவான குரல்.

"தூங்குங்க. எல்லாரும் சேர்ந்தே கிளம்பிடலாம்."

எல்டன் துடைப்பத்தை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான். ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டான். நோரீன் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் வேடிக்கை எதுவும் மிச்சமில்லை.

"குடிச்சிருக்கானா?" என்று கிசுகிசுத்தாள்.

"குடிச்சவன் பேச்சு மாதிரி இல்ல."

செல்போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

"நாமளே தள்ளிப் போயிடுவோம்" என்றான் எல்டன். "லாரிங்க இருக்கற பக்கமாப் போய் நிறுத்திடறேன். நாலு பேர் இருக்கற எடம். நான் படுக்கைப் பக்க ஜன்னல் வழியா எறங்கிப் போய் வண்டிய எடுக்கறேன்."

"வேண்டாம். விடியட்டும்."

"விடியற வரைக்கும் அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தூங்கிடுவியா?"

'அவனை' என்று சொல்லாமல் 'அதை' என்று சொல்லிவிட்டான் என்பதை இருவருமே கவனித்தார்கள்.

படுக்கைக்கு மேலே, இடது சுவரில் இருந்த அவசர ஜன்னலின் சிவப்புப் பிடிகளைத் திருகி அவன் திறந்தான். பனித்தூள் போர்வைமேல் கொட்டியது. பைஜாமாவோடு பூட்ஸை மாட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு, காலை வெளியே விட்டுத் திரும்பினான். "என்னைத் தள்ளிவிட்டுட்டு இன்சூரன்ஸ் வாங்கலாம்னு பாக்காத" என்றான். அவள் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். அவன் குதித்தான். ட்ரெய்லர் லேசாக எழும்பி அமர்ந்தது.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, அவள் காதால் அவனைப் பின்தொடர்ந்தாள். இறுகிய பனியில் பூட்ஸின் நறநறப்பு ட்ரெய்லரின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு போனது. முன்னால் பிக்கப்புக்குப் போகாமல் அந்தப் பக்கம் ஏன் போகிறான்? போய்ப் பேசிப் பார்க்க நினைத்திருப்பான். அவன் புத்தி அப்படித்தான். பூட்ஸ் சத்தம் நின்றது.

"நோரீன்" என்று அவன் குரல் கேட்டது. சுவருக்கு அப்பால், அந்த இடுக்கின் வாயிலிருந்து. "நோரீன், இங்க வந்து பாரேன்."

அவள் எழுந்தாள்.

"இல்ல. வேண்டாம். நீ வராத. உள்ளயே இரு."

"என்ன எல்டன்? என்ன அங்க?"

காற்று. பாட்டிலில் ஊதும் அதே ஒலி. அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். பதில் இல்லை. அடுத்து, முன்பக்கம் பிக்கப்பின் கதவு திறந்து மூடியது. அவளுக்கு மூச்சு வந்தது. வழக்கமாக எல்டன் ஏறி உட்கார்ந்தால் கொக்கி வழியாக அந்தப் பாரம் இங்கே காலடியில் தெரியும். தரை முன்பக்கம் மயிரிழை தாழும். இப்போது தாழவில்லை. அதைக் கவனித்தாள், ஆனால் யோசிக்கவில்லை. எஞ்சின் உறுமியது. ட்ரெய்லர் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.

சமையல் ஜன்னலில் தகரச் சுவர் வழுக்கிப் பின்னால் போனது. பழுப்புத் திரை போனது. துருப்பிடித்த ஓரம் போனது. மஞ்சள் விளக்கும் பனியும் திரும்பி வந்தன. நோரீன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். சிரிப்புக்கூட வந்தது. மகளிடம் சொன்னால், "அப்பா பைஜாமாவோடவா வண்டி ஓட்டினாரு?" என்று கேட்பாள்.

வண்டி லாரிகள் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தாள். திரும்பவில்லை. கட்டடம் கடந்துபோனது. லாரிகளின் ஆரஞ்சு விளக்குகள் கடந்துபோயின. வேகம் கூடியது. நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவு. அலமாரிக்குள் கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பயந்துவிட்டான், நேரே அடுத்த ஊருக்கே ஓட்டுகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்லதுதான்.

அப்போதுதான் கதவருகே ஏதோ கிணுகிணுத்தது.

பார்த்தாள். சட்டை மாட்டும் கொக்கியில் பிக்கப்பின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் ஆட்டத்துக்கு ஏற்ப இப்படியும் அப்படியும் ஆடியது. மாற்றுச் சாவி மினசோட்டாவில், வீட்டு இழுப்பறையில் இருந்தது.

அவள் சாவியைக் கொக்கியிலிருந்து கையில் எடுத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. சாவிதான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். இடுப்பில் வலி சுள்ளென்று ஏறியது. படுக்கையில் முட்டிபோட்டுப் பின் ஜன்னலின் திரையை விலக்கினாள்.

தூரத்தில் ஓய்விடம். மஞ்சள் விளக்கு. அதன் வெளிச்சத்தில் அந்த வண்டி. இப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தாள். டயர்கள் இல்லை. வயிற்றுப்பகுதிவரை பனி மூடி உறைந்திருந்தது. முன்கண்ணாடி உடைந்து உள்ளே சரிந்திருந்தது. எத்தனையோ குளிர்காலங்களாக அங்கேயே கிடப்பதுபோல. சுற்றிலும் பனியில் ஒரு சக்கரத் தடம்கூட இல்லை. இவர்கள் ட்ரெய்லரின் தடம் மட்டும்.

அந்தத் தடத்தில் எல்டன் ஓடி வந்துகொண்டிருந்தான்.

கோட்டு பறந்தது. கைகள் இரண்டையும் உயர்த்தி ஆட்டினான். வாய் திறந்து மூடியது. விழுந்தான். எழுந்தான். விரல் அளவு ஆனான். சாலை வளைந்தது. விளக்கு அணைந்ததுபோல எல்லாம் மறைந்தது.

நோரீன் கண்ணாடியை அறைந்தாள். "எல்டன். எல்டன்." அவசர ஜன்னலின் பிடிகளைத் திருகி அதைத் தள்ளித் திறந்தாள். காற்று பிடுங்கியது. கீழே சாலை வெள்ளையாக ஓடியது. குதிக்க முடியாது. கால் ஒத்துழைக்காது. தலையை உள்ளே இழுத்தாள்.

முன்பக்கம் போனாள். நடக்கவில்லை. தவழ்ந்தாள். சோபாவுக்கு மேலிருந்த சிறிய முன் ஜன்னல். அதன் வழியாகப் பிக்கப்பின் பின்கண்ணாடி, கைக்கெட்டும் தூரம்போல. உள்ளே மீட்டர் விளக்குகளின் பச்சை. ஓட்டும் இருக்கையில் ஒரு தலை.

அவள் சாவிக்கொத்தால் கண்ணாடியைத் தட்டினாள். "நிறுத்து. வண்டிய நிறுத்து."

தலை அசைந்தது.

திரும்பியது. நிதானமாக. முதலில் தலை. அப்புறம் தோள். அத்தோடு நிற்கவில்லை. இருக்கையில் முட்டிபோட்டு முழு உடம்பும் அவள் பக்கம் திரும்பியது. பச்சை வெளிச்சம் அதன் முதுகுப்பக்கம் இருந்ததால் முகம் தெரியவில்லை. ஸ்டீயரிங்கில் யார் கையும் இல்லை. முன்னே சாலையோரத்தைக் காட்டும் பனிக்கம்பங்கள் இடப்பக்கம் வளைந்தன. பிக்கப்பும் இடப்பக்கம் வளைந்தது. பதறாமல். மென்மையாக. கிண்ணங்கள்கூட அசையவில்லை.

அது சாலையைப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் பின்கண்ணாடியில் பதித்து, நெற்றியை அழுத்தி, ஆஸ்பத்திரியில் தொட்டிலில் கிடக்கும் பச்சைக் குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களைப்போலத் தலையை ஒருபக்கம் சாய்த்து, அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.